கோல் விழுந்த பிறகுதான் கோச்சுக்குக் கண் திறக்குமா?

2021 ஜூலை, ஐரோப்பிய உதைபந்துக் கிண்ணமான யூரோவின் இறுதிப் போட்டி, இங்கிலாந்தும் இத்தாலியும். வெம்பிளியில் இரவு 8 மணி என்றால் எங்களுக்கு நடுச்சாமம் 12.30. கல்லடியில் மச்சான் வீட்டு ஹோலில் நாலு பேர் இருந்தோம். கொரோனாக் காலம், அதற்கு மேல் ஆள் சேர்க்க மாமி விடவில்லை. மச்சானுக்கு பெக்கம் காலத்தில் பிடித்த இங்கிலாந்து விசர் இன்னும் தெளியவில்லை. மாமி வைத்துவிட்டுப் போன பிளேன்டீயை ஊதக்கூட இல்லை, 2ஆவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் லூக் ஷா கோல் போட்டுவிட்டார். மச்சான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி, அது ஓய அரை மணி நேரம் பிடித்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதிலிருந்து அவர் வாயில் ஒரே சொல்தான்: "மாத்துடா." 50ஆவது நிமிடம், மாத்துடா. 60ஆவது நிமிடம், கதிரையை விட்டு எழும்பி நின்று, மாத்துடா. டிவிக்குள் இருந்த இங்கிலாந்துக் கோச் சவுத்கேட்டுக்கு அது கேட்கவில்லை. 67ஆவது நிமிடத்தில் ஒரு கோர்னர், பந்து தட்டுத்தடுமாறி வந்து இத்தாலியின் பொனூச்சியின் காலில் பட்டு உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் மாற்றம் வந்தது, 70இல் ஒன்று, 74இல் ஒன்று. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று மச்சான் சொன்னது அன்றைக்கு மூன்றாவது தடவை.

இந்தக் கோபத்தை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். உதைபந்தாட்டம் பார்க்கிற எந்த வீட்டிலும், எந்தக் கடை வாசலிலும், எந்த அணிக்காரரிடமும் இருக்கிற கோபம் இது. கோச் பயந்தாங்கொள்ளி, டிபென்ஸ் டிபென்ஸ் என்று சாகிறான், நல்ல ஆளை எல்லாம் பெஞ்சில் வைத்துக்கொண்டு விரல் சூப்புகிறான். கேட்டால் ஒரே திட்டுப் போலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தடுத்து ஆடுவது ஒன்று, காத்திருப்பது இன்னொன்று. ஜனம் உண்மையில் கொதிப்பது இரண்டாவதற்கு என்பது என் கணக்கு.

அந்த இறுதிப் போட்டியையே எடுங்கள். எதிர்ப்பக்கம் இத்தாலிக் கோச் மன்சினி 54ஆவது, 55ஆவது நிமிடங்களிலேயே இரண்டு பேரை இறக்கிவிட்டார். அதில் ஒருவர் கிறிஸ்டான்டே. பொனூச்சியின் கோலுக்கு முன்னால் அந்தக் கோர்னரைத் தலையால் தட்டிவிட்டது அவர்தான். பின்தங்கியிருந்தவர் வலி வருமுன் மருந்து எடுத்தார், முன்னணியில் இருந்தவர் வலி வந்த பிறகு எடுத்தார். இதை ஒருநாள் சறுக்கல் என்று விடலாம்தான், ஆனால் 2018 உலகக் கிண்ண அரையிறுதியிலும் இதே கதை. குரோஷியாவுக்கு எதிராக 5ஆவது நிமிடத்தில் ட்ரிப்பியர் அடித்த ஃப்ரீ கிக், 1-0. 68இல் பெரிசிச் சமப்படுத்துகிறார். சவுத்கேட்டின் முதல் மாற்றம் 74இல். மேலதிக நேரத்தில் மண்ட்சுகிச் அடித்து முடித்துவிட்டார். 2024 யூரோ காலிறுதி, சுவிட்சர்லாந்து: 75இல் எம்போலோ கோல், 78இல் ஒரே மூச்சில் மூன்று பேரை இறக்கினார். அன்றைக்கு சாக்கா ஒரு கோலைப் போட்டு, பெனால்டியில் தப்பினார்கள். மூன்று போட்டியிலும் சவுத்கேட்டின் கடிகாரத்தை எதிரணிதான் ஓட்டியது.

சரி, முன்னணியில் இருக்கும்போது ஓர் அணி ஏன் பின்னுக்குப் போகிறது? கோச் பின்னுக்குப் போங்கள் என்று சொல்வதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கால் களைத்துவிட்டது, முன்னுக்கு நிற்கிற ஸ்ட்ரைக்கரால் பந்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. டிபென்டர் அடித்துக் களைகிறான், பந்து இருபது விநாடியில் திரும்பி வருகிறது, மறுபடி அடிக்கிறான், மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் தடுப்பு வரிசை இரண்டு அடி பின்னுக்கு நகரும், ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் இடம் கிடந்தால் எந்த டிபென்டருக்கும் நெஞ்சு அடிக்கும். மூன்று பேர் பின்னுக்கு, இரண்டு பக்கமும் ஓடித் திரிய இரண்டு பேர் என்று ஆடுகிற அணி என்றால் இன்னும் மோசம், அந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் இறங்கி வந்து ஐந்து பேராகி, பிறகு ஏறவே மாட்டார்கள். வெம்பிளியில் இங்கிலாந்துக்கு நடந்தது அதுதான். வரிசை பெனால்டி கட்டத்தின் கோட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு ஃபவுலும் கோலுக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக், வெளியே தட்டிய ஒவ்வொரு பந்தும் ஒரு கோர்னர். இப்படி இருபது நிமிடம் போனால் ஏதோ ஒன்று உள்ளே போகத்தான் செய்யும். பொனூச்சி அடித்தது அதிர்ஷ்டக் கோல் என்று சொல்கிறவர்கள் அதற்கு முந்தின இருபது நிமிடத்தை மறந்துவிடுகிறார்கள்.

வெளியே கதிரையில் இருந்து இதெல்லாம் நன்றாகத் தெரியும். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் தெரியாது. எனக்குத் தெரியும், நான் நின்றிருக்கிறேன்.

படுவான்கரையில் ஒரு கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த சுற்றுப் போட்டி, எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு நான்தான் கோச். வேறு யாரும் வரவில்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தகுதி. அரையிறுதி, பாதிக்கு 30 நிமிடம், 1-0 என்று முன்னணியில் இருக்கிறோம். முன்னுக்கு நின்றவன் கட்டையான ஒரு பெடியன், ஓட்டம் பெரிதாக இல்லை, ஆனால் பந்து காலில் ஒட்டிவிட்டால் இரண்டு பேர் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாலும் விடமாட்டான். முடிய 12 நிமிடம் இருக்கும்போது அவனைக் கழட்டிவிட்டு உயரமான ஒரு டிபென்டரை இறக்கினேன். எனக்கு அப்போது அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பெடியன் வெளியே வந்து ஒன்றும் பேசாமல் பூட்ஸ் நூலை அவிழ்த்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. 2-1 என்று தோற்றோம். இரண்டு கோலும் அந்த 12 நிமிடத்தில்தான்.

மைதான ஓரத்தில் கச்சான் விற்கிற பெரியவர் ஒருவர் எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "மனே, நீ முன்னுக்கு நிண்டவனைக் கழட்டின உடனே அவனுகள்ட பின்னுக்கு நிண்ட ரெண்டு பேரும் முன்னுக்கு வந்திட்டானுகள். நீ டிபென்ஸுக்கு ஆள் கூட்டல்ல, அவனுகளுக்கு ஆள் கூட்டிக் குடுத்திருக்காய்." கச்சானுக்குக் காசும் வாங்கவில்லை, அது இன்னும் வலித்தது.

அவர் சொன்னதை விடச் சுருக்கமாக இதை விளக்க முடியாது. முன்னுக்கு ஒருவன் நின்றால் எதிரணி குறைந்தது இரண்டு பேரையாவது அவனுக்குக் காவல் வைக்க வேண்டும். அவனை எடுத்துவிட்டால் அந்தக் காவல்காரர்களுக்கு வேலை இல்லை, அவர்கள் ஏறி வருவார்கள். ஆகவே முன்னணியைக் காப்பாற்ற இறக்க வேண்டியவர் பல நேரங்களில் ஒரு டிபென்டரே அல்ல, களைக்காத காலோடு முன்னுக்கு ஓடுகிற ஒருவர். அவர் கோல் அடிக்கத் தேவையில்லை. தூரத்து மூலைக்குப் பந்தைக் கொண்டுபோய் ஒரு த்ரோ, ஒரு ஃபவுல் வாங்கித் தந்தால் போதும், பின்னுக்கு நிற்கிறவர்கள் மூச்சு விடுவார்கள்.

உலகப் பெரிய கோச்களும் என்னைப் போலத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். 2006 உலகக் கிண்ணக் காலிறுதி, பெர்லின், ஆர்ஜென்டினா ஜெர்மனியை 1-0 என்று பிடித்து வைத்திருக்கிறது. 72ஆவது நிமிடத்தில் ஆர்ஜென்டினாக் கோச் பெக்கர்மன் ரிக்கெல்மேயைக் கழட்டி கம்பியாசோவை இறக்கினார். அணியில் பந்தை வைத்து ஆறுதலாக நேரம் கடத்தத் தெரிந்த ஆளே ரிக்கெல்மேதான். 80இல் குளோசே தலையால் அடித்தார், பெனால்டியில் ஆர்ஜென்டினா போய்விட்டது, 19 வயது மெஸ்ஸி கடைசிவரை பெஞ்சில். எங்கள் பக்கத்து ஆர்ஜென்டினாக்காரர்கள் இன்றைக்கும் பெக்கர்மன் பெயரைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள்.

ஆனால் அதே ஆட்களிடம் 2022 இறுதிப் போட்டியைக் கேட்டுப் பாருங்கள். 2-0 முன்னணி, பிரான்ஸை இடது பக்கத்தில் பிய்த்து எறிந்துகொண்டிருந்த டி மரியாவை 64ஆவது நிமிடத்தில் கோச் ஸ்கலோனி கழட்டிவிட்டு அக்குனியா என்கிற டிபென்டரை இறக்கினார். 80, 81 என்று அடுத்தடுத்த நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல். பெக்கர்மன் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பெனால்டியில் கிண்ணம் வந்தது, ஆகவே ஸ்கலோனி மேதை. ரசிகனின் நீதிமன்றத்தில் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் வழக்கை விசாரிப்பார்கள்.

மருதமுனையில் எனக்கு ஒரு காக்கா இருக்கிறார், பரம்பரைப் பிரேசில்காரர், அவருடைய புண் நேர் எதிரானது. அதே 2022 உலகக் கிண்ணக் காலிறுதியில், குரோஷியாவுக்கு எதிராக, நெய்மார் மேலதிக நேரத்தில் கோல் போட்டு, முடிய மூன்று நாலு நிமிடம்தான் பாக்கி, அப்போதும் பிரேசில் ஆட்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. பந்து பறிபோய் ஒரே ஓட்டம், 117இல் பெட்கோவிச் கோல், பெனால்டியில் குரோஷியா வென்றது. ஐந்தாவது பெனால்டிக்கு வைத்திருந்த நெய்மாருக்கு அடிக்க வாய்ப்பே வரவில்லை. "அந்த நாலு நிமிஷம் சும்மா நிண்டிருந்தா என்ன மச்சான்?" என்று காக்கா இன்றைக்கும் கேட்பார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பயந்தாங்கொள்ளிக் கோச்.

இந்தச் சண்டைக்கு எத்தனை வயது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1966இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை எடுத்தபோது சப், அதாவது மாற்று ஆட்டக்காரர், என்ற ஒன்றே கிடையாது, இறங்கிய 11 பேரோடு முடிக்க வேண்டும், கால் முறிந்தாலும் 10 பேரோடு ஆட வேண்டும். இங்கிலாந்து லீக்கில் 1965இல்தான் ஒருவரை மாற்ற விட்டார்கள், அதுவும் காயத்துக்கு மட்டும். உலகக் கிண்ணத்துக்குச் சப் வந்தது 1970இல், மெக்சிகோவில், அணிக்கு இரண்டு. அந்த முதல் தடவையிலேயே, காலிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 2-0 என்று முன்னணியில் இருந்த இங்கிலாந்துக்கு பெக்கன்பவர் ஒரு கோலைத் திருப்பிக் கொடுக்க, கோச் ஆல்ஃப் ராம்சே பொபி சார்ல்டனை வெளியே எடுத்தார். அரையிறுதிக்குக் களைக்காமல் வைத்திருக்கலாம் என்ற எண்ணம். அரையிறுதியே வரவில்லை, 3-2. நாலு வருஷத்துக்கு முன்னால் கிண்ணம் தந்த மனிதரை அந்த ஒரு மாற்றத்துக்காக அதற்குப் பிறகு எத்தனை வருஷம் திட்டினார்கள். சப் பிறந்த அன்றைக்கே சப்புக்குத் திட்டும் பிறந்துவிட்டது.

1990களில் அது மூன்றானது. 2020 மே மாதம், கொரோனாவுக்குப் பிறகு நெருக்கி நெருக்கிப் போட்டிகள் வந்ததால், ஐந்தாக்கினார்கள். 2022இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். ஐந்து பேர் என்றாலும் ஆட்டத்தை மூன்று தடவைதான் நிறுத்தலாம், இடைவேளையில் மாற்றுவது அந்தக் கணக்கில் வராது. யோசித்துப் பாருங்கள், கோல்கீப்பரை விட்டால் பத்துப் பேர், அதில் பாதியைக் கோச் மாற்றலாம். அந்தக் காலத்தில் தோற்றால் ஆடினவனைத் திட்டினோம், இப்போது ஆடாமல் பெஞ்சில் இருந்தவனை ஏன் இறக்கவில்லை என்று கோச்சைத் திட்டுகிறோம்.

கோச் பக்கத்து நியாயம் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. சப்பாக வருகிறவன் குளிர்ந்த உடம்போடு வருகிறான், ஆட்டத்தின் வேகத்துக்குள் வர அவனுக்குச் சில நிமிடம் வேண்டும், அந்த இடைவெளியில் கோர்னரில் யார் யாரைப் பிடிப்பது என்பது குழம்பும். எல்லாரையும் 65க்குள் இறக்கிவிட்டு 80இல் ஒருவனுக்குத் தசை பிடித்தால் 10 பேர். நொக்கவுட் என்றால் மேலதிக நேரம், பெனால்டி என்று 120 நிமிடத்துக்குச் சோறு மிச்சம் பிடிக்க வேண்டும். இதெல்லாம் சாட்டுப்போக்கு இல்லை.

எப்போது மாற்றுவது நல்லது என்று கணக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். பிரெட் மையர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2012இல் ஒரு விதி சொன்னார்: பின்தங்கியிருந்தால் முதல் மாற்றம் 58ஆவது நிமிடத்துக்கு முன், இரண்டாவது 73க்கு முன், மூன்றாவது 79க்கு முன். மச்சானிடம் இதைச் சொன்னபோது தனக்கு டொக்டர் பட்டம் கிடைத்தது போலத் தலையை ஆட்டினார். ஆனால் 2016இல் ரஜித சில்வா, டிம் ஸ்வார்ட்ஸ் என்ற இரண்டு புள்ளிவிபரக்காரர்கள் அந்த விதியைக் கிளறிப் பார்த்து, இரண்டாம் பாதியில் இந்த நிமிடத்தில் மாற்றினால் பலன் என்று காட்டக்கூடிய நேரம் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். 2018 அரையிறுதியில் குரோஷியா 90 நிமிடமும் ஒருவரைக்கூட மாற்றாமல்தான் இங்கிலாந்தைப் பிடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்வா, ஸ்வார்ட்ஸ் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறொன்று: பலத்தில் சமமான இரண்டு அணிகள் என்றால், இரண்டாம் பாதியில் கோல் அடிக்கிற வாய்ப்பு பின்தங்கிய அணிக்கே கூடவாம். கச்சான்காரப் பெரியவர் கண்ணால் கண்டதற்கு இலக்கத்தில் ஒரு சாட்சி.

கணக்கை எல்லாம் விடுங்கள், இதில் கனக்கப் பங்கு பயத்துக்கு. மாற்றிவிட்டுத் தோற்றால் மாற்றியவன் தோற்கடித்தான். மாற்றாமல் தோற்றால் பெடியன்கள் களைத்துவிட்டார்கள், எதிரணி நல்லா ஆடினது என்று பழி நாலு பக்கமும் பங்காகும். பெனால்டிக்கு நிற்கிற கோல்கீப்பருக்கு இது தலைகீழ். 286 பெனால்டிகளைப் பார்த்து 2007இல் வந்த ஓர் ஆய்வில், கோல்கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றது 6.3 சதவீதம்தான், நடுவில் நிற்பது தடுக்க நல்ல வழியாக இருந்தும். சும்மா நின்று கோல் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்பதற்காகப் பாய்கிறார்கள். கீப்பர் வெட்கத்துக்குப் பாய்கிறார், கோச் வெட்கத்துக்கு நிற்கிறார்.

அந்த 2021 இரவின் கடைசியும் அதுதான். 120ஆவது நிமிடத்தில், பெனால்டிக்கென்றே, ரேஷ்போர்டையும் சான்சோவையும் இறக்கினார் சவுத்கேட். இரண்டு பேரும் பந்தை ஒழுங்காகத் தொடக்கூட இல்லை. ஒருவர் கம்பத்தில் அடித்தார், ஒருவருடையதை இத்தாலிக் கோல்கீப்பர் டொன்னருமா பிடித்தார், கடைசியாக வந்த 19 வயது சாக்காவுடையதையும் அவரே பிடித்தார். பயிற்சியில் பார்த்துத்தான் ஆட்களைத் தெரிவு செய்தேன், பொறுப்பு என்னுடையது என்றார் சவுத்கேட். ஆனால் கோச்சின் மேல் போக வேண்டிய கோபம் அந்த மூன்று பெடியன்களின் தோலின் நிறத்தின் மேல் போனது. இது எல்லாவற்றிலும் அசிங்கம் அதுதான்.

தடுத்து ஆடினால் ரசிகன் எப்போதும் வெறுப்பான் என்பதும் பொய். 2004 யூரோவில் ஓட்டோ ரேஹாகலின் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0, 1-0, 1-0 என்று வென்றது, ஏதென்ஸில் யாரும் ஏன் அழகாக ஆடவில்லை என்று கேட்கவில்லை. 2016இல் போர்த்துகல் முதல் சுற்றில் மூன்றையும் சமநிலையில் முடித்து, முழுத் தொடரிலும் 90 நிமிடத்துக்குள் வென்றது ஒரே ஒரு போட்டிதான், கிண்ணம் அவர்களுக்கு. இறுதியில் கோல் அடித்த எடர் 79ஆவது நிமிடத்தில் இறக்கிய சப். அவ்வளவு ஏன், 2024 செப்டெம்பரில் எங்கள் இலங்கை அணி ஆசியக் கிண்ணத் தகுதிக்கு கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, அங்கே போய் 2-2, பெனால்டியில் வென்றபோது இதே மச்சான் ஒரு கோச்சையும் திட்டவில்லை, அந்த 0-0ஐக் கட்டித்தங்கம் என்றார். வீட்டில் அரிசி இல்லை என்று தெரிந்தால் கஞ்சிக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பட்டறை நிறைய நெல் இருக்கும்போது கஞ்சி ஊற்றினால்தான் கோபம். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவோடு 0-0 என்று முடித்தபோது கொலோன் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் சவுத்கேட் மேல் பிளாஸ்டிக் கோப்பைகளை எறிந்தார்களே, அது கஞ்சிக்கு எறிந்தது. பால்மர் மாதிரி ஆட்கள் பெஞ்சில் இருந்தார்கள்.

அந்த யூரோவின் அரையிறுதியையும் மச்சான் வீட்டு ஹோலில்தான் பார்த்தோம், இந்தத் தடவை பத்துப் பேர். நெதர்லாந்து, 1-1, மறுபடி நடுச்சாமம், மறுபடி பிளேன்டீ. 81ஆவது நிமிடத்தில், புதிதாகக் கோல் ஒன்றும் விழாத நேரத்தில், யாரும் எதிர்பார்க்காமல், சவுத்கேட் கேப்டன் கேனையும் ஃபோடனையும் வெளியே எடுத்து வட்கின்ஸையும் பால்மரையும் இறக்கினார். இத்தனை வருஷமாக மாத்துடா மாத்துடா என்று தொண்டை கிழியக் கத்திய மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டு, "கேனைக் கழட்டுறானே, இவனுக்கு விசரா? பெனால்டிக்கு ஆர் இருக்கா?" என்று ஒரு பாட்டம் தீர்த்தார். 90 முடிகிற நேரம் பால்மர் பந்தைத் தள்ள, வட்கின்ஸ் கிறுகி அடித்தார், கோல்.

பக்கத்து வீட்டு நாய் மறுபடி தொடங்கியது. சத்தம் ஓய்ந்த பிறகு மச்சான் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் சொன்னனான்தானே," என்றார்.